குருவியின் குருதியும் மனிதனின் குருதியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, வழக்கம்போல் இருப்புப்பாதை வரலாற்றில் ஏதேனும் ஒரு பகுதியை எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்திருப்பார். ரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு அதுவே எளிது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டவன் குருதியணுவைப் பற்றி எழுதப் புகுவது, பயணச்சீட்டில்லாமல் முதல் வகுப்பில் ஏறி அமர்வது போன்ற துணிவுதான். ஆயினும் ஏறி அமர்ந்துவிட்டோம். காரணத்தைக் கேட்டபின் அன்பர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகின்றோம்.

லேக் கார்டன்ஸிலிருந்து வடக்கே நான்கைந்து கிலோமீட்டர் சென்றால், ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையில் பெரிய மருத்துவமனை ஒன்று உள்ளது. அரசாங்க ஏடுகளில் அதன் பெயர் எஸ்.எஸ்.கே.எம். என்பது, ஊராருக்கோ அது என்றும் பி.ஜி. மருத்துவமனைதான். அதன் மதிலில் பழைய நினைவு வாயில் ஒன்று இருக்கின்றது. 1898-ஆம் ஆண்டில் மேஜர் ரொனால்ட் ராஸ், மலேரியா கொசுவால் பரவுகின்றது என்பதை அவ்விடத்துச் சிறு ஆய்வுக்கூடத்தில் நிலைநாட்டினார் என்பதற்கான சின்னம் அது. 1927-இல் அது திறக்கப்பட்டபோது ராஸ் அவர்களே நேரில் வந்திருந்தார். பேருந்தில் அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கின்றோம். ஒரு முறையேனும் அதைத் தலைநிமிர்ந்து பார்த்தோமில்லை. பார்க்க வைத்தது ஒரு குழந்தையின் இரத்தப் பரிசோதனை அறிக்கை.

எம் தமக்கையாரின் மகன் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவன். உடன் பணியாற்றிய வங்காளப் பெண்ணை மணந்தான். இரு குடும்பத்தாரும் மனமொப்பி நடத்திய திருமணம் அது. சாம்பாரும் சுக்தோவும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன. அவர்களுக்குப் பிறந்த பெண் மகவு எமக்குப் பேத்தி முறை. நாற்பத்தெட்டு வயதில் தாத்தா என்று அழைக்கப்படுவதில் உள்ள கூச்சத்தையும் களிப்பையும் அக்குழந்தை எமக்கு ஒருசேர அளித்தது. இரண்டு வயது நிரம்புமுன் அதன் முகம் வெளுத்தது. வயிறு சற்றே உப்பியது. விளையாட எழுந்தால் உடனே அமர்ந்துவிடும். முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் இரத்தசோகை என்று கூறி, இரும்புச் சத்து மருந்தை எட்டு மாதங்கள் கொடுத்து வந்தார். பயனில்லை. பிறகு வேறொருவர் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொன்னார். வந்த அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தது: உட்கருவுடைய சிவப்பணுக்கள், நூறு வெள்ளணுக்களுக்கு முப்பத்தெட்டு.

பள்ளியில் நாம் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. உயிரணு ஒவ்வொன்றுக்கும் உட்கரு உண்டு. அதுவே அணுவின் அரசன் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். இருக்க வேண்டிய ஒன்று இருக்கின்றது என்பதை ஏன் நோயின் அடையாளமாக எழுதியிருக்கின்றார்கள்? இவ்வினாவோடு பரிசோதனைக்கூடத்திற்குச் சென்றோம். அங்கே பணிபுரியும் முதிய வங்காள அன்பர் சினம் கொள்ளவில்லை. “தாதா, வந்து பாருங்கள்” என்று கூறித் தம் உருப்பெருக்கியின் முன் எம்மை அமர்த்தினார். எம் விரலிலிருந்தே ஒரு துளி எடுத்துத் தகட்டில் தடவி, லீஷ்மன் சாயம் ஏற்றிக் காட்டினார். இளஞ்சிவப்பு வட்டத் தட்டுகள் எண்ணிறந்தன, நடுவில் சற்று வெளிறியவை, எதிலும் எதுவுமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளணு மட்டும் ஊதா நிற உட்கருவோடு நின்றது. அதன்பின் குழந்தையின் தகட்டை வைத்தார். உருக்குலைந்த சிவப்பணுக்களுக்கிடையே, கருநீலப் பொட்டு வைத்தாற்போல் உட்கருவோடு சில. “இவை எலும்பு மச்சைக்குள் இருக்க வேண்டியவை. வீட்டு வேலை முடிக்காமல் வெளியே வந்துவிட்ட பிள்ளைகள்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “குருவிக்கும் கோழிக்கும் இப்படித்தான் எல்லா அணுவிலும் இருக்கும். ராஸ் சாஹேப் இதே ஊரில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தார்” என்றும் சொன்னார். அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் அந்த வாயிலின் முன் நின்றோம். அதன் பிறகு நூலகங்களில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளின் விளைவே இக்கட்டுரை.

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை என்பதை மக்கள் அறிந்துகொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. ஹாலந்து நாட்டு ஸ்வாமர்டாம் 1658-இல் தவளையின் குருதியில் இவ்வணுக்களைக் கண்டார். அதே நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக், தாமே இழைத்த கண்ணாடி வில்லைகளைக் கொண்டு 1674-இல் மனிதக் குருதியின் அணுக்களை விவரித்தார். பிற்காலத்தில் மீனின் குருதியைப் பார்த்தபோது, நீள்வட்டமான அணுவின் நடுவே ஒரு தெளிந்த புள்ளி இருப்பதையும் குறித்துவைத்தார். அதுவே உட்கரு. ஆனால் அப்பெயரை ராபர்ட் பிரௌன் வழங்கியது 1831-இல்தான்.

இடையில் வில்லியம் ஹ்யூசன் என்ற ஆங்கில மருத்துவர் வருகின்றார். அதுவரை உருண்டை என்று கருதப்பட்டுவந்த மனிதச் சிவப்பணு, உண்மையில் நாணயம் போல் தட்டையானது என 1773-இல் எழுதியவர் அவர். குருதியை நீரில் கலந்தால் அணு ஊதி உடைவதையும், அதன் சொந்த நீரிலேயே நீர்த்தால் உருவம் கெடாமலிருப்பதையும் கண்டறிந்தவர். ஆனால் தட்டின் நடுவே தெரிந்த நிழலைப் பார்த்து, உள்ளே ஒரு திடப்பொருள் அடங்கிய பை அது என்று முடிவு செய்துவிட்டார். இருபுறமும் குழிந்த தட்டின் பள்ளம் அந்த நிழல். பள்ளத்தை மேடென்று கண்ட இப்பிழையில் பலர் நெடுங்காலம் உழன்றனர். ஹ்யூசன் தம் பிழையைத் தாமே திருத்தும் அளவு வாழவில்லை. உடலறுப்பின்போது பட்ட காயத்தில் நஞ்சேறி 1774-இல் தம் 34-ஆம் வயதில் மறைந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் கலிவர் என்ற இராணுவ மருத்துவர் செய்த வேலை, எழுத்தர் மனத்திற்கு மிகவும் உகந்தது. விலங்குக் காட்சிசாலையில் கிடைத்த உயிரினங்களின் குருதியையெல்லாம் எடுத்து, நூற்றுக்கணக்கான இனங்களின் சிவப்பணுக்களை அளந்து பட்டியலிட்டார். யானையின் அணு பெரிது. ஜாவா நாட்டுச் சருகுமானின் அணுவோ பாலூட்டிகளுள் மிகச் சிறிது. பறவை, பாம்பு, தவளை, மீன் ஆகியவற்றுக்கு நீள்வட்ட அணுவும் உட்கருவும் உண்டு. பாலூட்டிகளுக்கு வட்டத் தட்டு, உட்கரு இல்லை. ஒட்டகம் மட்டும் இடையில் நின்று குழப்பியது. அதன் அணு பறவையினுடையது போல் நீள்வட்டம். ஆனால் உட்கரு அதிலும் இல்லை. ஆக, வடிவம் மாறினும் பாலூட்டியின் விதி மாறவில்லை என்று தெளிவாயிற்று.

அப்படியானால் உட்கரு தொடக்கத்திலிருந்தே இல்லையா, இருந்து தொலைந்ததா? 1868-ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நாய்மன் என்பவரும், இத்தாலியில் ஜூலியோ பிட்ஸொட்ஸெரோ என்பவரும் தனித்தனியே இதற்கு விடை கண்டனர். அதுவரை எலும்புக்குள்ளிருக்கும் மச்சையை வெறும் கொழுப்பு என்றே எண்ணியிருந்தார்கள். அந்த மச்சையைப் பிழிந்து பார்த்தபோது, உட்கருவோடு கூடிய சிவப்பணுக்கள் அங்கே நிறைந்திருந்தன. குருதியின் பிறப்பிடம் எலும்பு மச்சை என்பதும், அணு பிறக்கும்போது உட்கருவோடுதான் பிறக்கின்றது என்பதும் ஒரே வேளையில் வெளிப்பட்டன. நாய்மனின் கூற்றைப் பலர் முதலில் ஏற்கவில்லை.

பிறகு ஒரு வழக்கு மூண்டது. உட்கரு அணுவுக்குள்ளேயே கரைந்துபோகின்றது என்று ஒரு சாரார். இல்லை, முழுதாக வெளியே தள்ளப்படுகின்றது என்று மற்றொரு சாரார். ஜெர்மானியர் ரிண்ட்ஃப்ளைஷ் 1880-இல் தள்ளப்படுவதைக் கண்டதாக எழுதினார். அமெரிக்கர் ஹவெல் 1890-இல் பூனையின் குருதியை ஆராய்ந்து அதனை ஆதரித்தார். சில அணுக்களில் உட்கருவின் ஒரு சிறு துணுக்கு மிஞ்சி நிற்பதும் கண்டறியப்பட்டது. அதனை ஹவெல்–ஜாலி துணுக்கு என்று இன்றும் பரிசோதனைக்கூடங்களில் வழங்குகின்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு நாட்டு மார்ஸெல் பெஸ்ஸி உயிருள்ள அணுக்களைச் சலனப் படமாகவே எடுத்துக் காட்டிய பின்னர், தள்ளப்படுகின்றது என்ற கட்சியே வென்றது.

இப்போது கல்கத்தாவுக்குத் திரும்புவோம். ராஸ் 1857-இல் அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். ஆகவே நம்மவர்க்கு முற்றிலும் அயலாரல்லர். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில், மலேரியா நோயாளியின் குருதியைக் குடித்த கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியின் வளர்ச்சியைக் கண்டுவிட்டார். எஞ்சியது, அக்கிருமி கொசுவிலிருந்து எவ்வழியாக மீண்டும் உடலுக்குள் நுழைகின்றது என்பதே. அதனை ஆராய 1898-இன் தொடக்கத்தில் கல்கத்தா வந்தார். வந்த வேளை நல்ல வேளையன்று. மலேரியாப் பருவம் கழிந்துவிட்டது. போதாக்குறைக்கு, பிளேக் நோய் அச்சமும் அதற்காக ஊசி போடுவார்கள் என்ற அச்சமும் நகரெங்கும் பரவியிருந்தன. ஊசியோடு வரும் வெள்ளைக்காரரைக் கண்டால் பணம் கொடுத்தாலும் மக்கள் விரலை நீட்டவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தன் குருதி எதற்கு எடுக்கப்படுகின்றது என்று யாரும் விளக்காதபோது ஏழை என்ன செய்வான்?

மனிதர் மறுக்கவே ராஸ் பறவைகளை நாடினார். காகம், புறா, வானம்பாடி, சிட்டுக்குருவி எனப் பிடித்து வந்து கூண்டிலிட்டுக் குருதியைப் பார்த்தார். முகம்மது பக்ஷ் என்ற உதவியாளர் கொசுப் புழுக்களைத் தேடி வளர்த்துக் கொடுத்தார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாயர் என்ற வங்காள இளைஞரும் ஆய்வுக்கூடத்தில் துணைநின்றார். நினைவு வாயிலில் ஒரு பெயர்தான் இருக்கின்றது. வேலை செய்த கைகள் பல.

பறவைக் குருதியில் மலேரியாவை ஒத்த கிருமிகள் இருப்பதை ருஷ்யப் பேரரசின் கார்கோவ் நகரத்து டனிலெவ்ஸ்கி முன்னரே கண்டிருந்தார். அவற்றுள் இரண்டு வகை உண்டு. ஒன்று அணுவின் உட்கருவைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். மற்றொன்று உட்கருவை ஓரத்திற்கு நெட்டித் தள்ளிவிட்டு அவ்விடத்தில் தான் அமரும். எந்தக் கிருமி எது எனக் கண்டுகொள்வதற்கு, அணுவின் நடுவிலிருந்த அந்த உட்கருவே எல்லைக்கல்லாக உதவியது. இரண்டாம் வகையே ராஸின் சிட்டுக்குருவிகளில் இருந்தது. நோயுற்ற குருவியின் குருதியைக் கொசுவுக்கு ஊட்டினார். நாள்தோறும் கொசுக்களை அறுத்து, கிருமி வயிற்றிலிருந்து எங்கே செல்கின்றது எனத் தேடினார். 1898 ஜூலையில் அது கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்து சேர்வதைக் கண்டார். அக்கொசுக்களை நலமாக இருந்த குருவிகளைக் கடிக்கவிட்டபோது அவையும் நோயுற்றன. வட்டம் முழுமையுற்றது. செய்தி தந்தி மூலம் இங்கிலாந்தில் அவர்தம் ஆசானாகிய பாட்ரிக் மான்சனுக்குச் சென்றது. 1902-இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார்.

குருவியின் தகட்டையும் மனிதனின் தகட்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். குருவியிடம் ஒவ்வொரு சிவப்பணுவிலும் ஏற்கெனவே ஓர் உட்கரு இருக்கின்றது. அதனுள் கிருமியின் உட்கருவும் இருந்தால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். மனிதனிடம் அப்படியன்று. தட்டு வெறுமையாக இருக்க வேண்டும். சாயம் ஏற்றிய மனிதச் சிவப்பணுவுக்குள் ஊதாநிறப் புள்ளி ஒன்று தென்பட்டால், அது அழைக்கப்படாத விருந்தாளி: மலேரியாக் கிருமி, அல்லது ஹவெல்–ஜாலி துணுக்கு, அல்லது இன்னும் முதிராமல் வெளிவந்த அணு. இவற்றுள் எதுவாயினும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டிய செய்தியே. இன்றுவரை இந்நகரத்துச் சிறு பரிசோதனைக்கூடங்கள் மழைக்காலந்தோறும் மலேரியாவைக் கண்டுபிடிப்பது, நம் சிவப்பணுவின் இந்த வெறுமையை நம்பித்தான்.

அச்சாயத்திற்கு பெயர் தந்த லீஷ்மனுக்கும் கல்கத்தாவுக்கும் தொடர்புண்டு. நகரின் வடக்கே டம்டமில் இருந்த படைவீரன் ஒருவன் காய்ச்சலுற்று இங்கிலாந்து திரும்பி இறந்தான். அவனது மண்ணீரலில் கண்ட சிறு உருக்களைப் பற்றி லீஷ்மன் 1903-இல் எழுதினார். அதே ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டானவன் என்பவரும் அதே உருக்களைத் தாமாகவே கண்டார். இந்த டானவன் பிறந்தது கல்கத்தாவில். ஆசிரியராக இருந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கண்டறியப்பட்ட கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்துப் பெயரிட்டவர் ராஸ். கருங்காய்ச்சல் எனும் காலா ஆஜார் நோயின் கிருமி அது. பின்னர் அந்நோய்க்கு மருந்து கண்டவரும் இந்நகரத்து உபேந்திரநாத் பிரம்மசாரியே. கல்கத்தாவும் சென்னையும் குருதி ஆராய்ச்சியில் இவ்வாறு கைகோத்து நின்றதை நம் சங்க மலரில் குறித்து வைப்பது தகும்.

இனி, உட்கரு ஏன் போக வேண்டும் என்ற வினா. மச்சைக்குள் நடப்பதை இன்று நன்கு அறிவோம். இளஞ்சிவப்பணு பலமுறை பிரிந்து பெருகி, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினைத் தன்னுள் நிரப்பிக்கொள்கின்றது. உட்கரு சுருங்கி இறுகி ஓரத்திற்கு ஒதுங்குகின்றது. பின்னர் மெல்லிய சவ்வொன்று சூழ அது வெளியே தள்ளப்படுகின்றது. அருகிலேயே காத்திருக்கும் விழுங்கணு அதை உண்டு செரித்துவிடுகின்றது. உட்கரு நீங்கிய இளம் அணு ஓரிரு நாள் மச்சையிலும் ஒரு நாள் குருதியிலுமாக முதிர்ந்து, மீதமுள்ள உள்ளுறுப்புகளையும் இழந்து, இருபுறமும் குழிந்த தட்டாகின்றது. நம் உடலில் நொடிக்கு இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் இவ்வாறு தோன்றுகின்றன. ஒவ்வோர் உட்கருவிலும் உள்ள மரபிழையை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்பர். எழுத்தர் வழக்கப்படி பெருக்கிப் பார்த்தோம்: ஒரு நொடியில் நம் உடல் உதறித்தள்ளும் இழையின் நீளம் 4,000 கிலோமீட்டர். ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 1,660 கிலோமீட்டர்தான். போய்த் திரும்பினாலும் இதனை எட்டாது.

இத்தனை பெரிய செலவை உடல் ஏற்பதன் காரணங்களாக அறிஞர் கூறுவன சில. சிவப்பணுவின் குறுக்களவு ஏழரை மைக்ரான். அதைவிடக் குறுகிய குருதி நுண்குழாய்களில் அது மடங்கி நெளிந்து செல்ல வேண்டும். மண்ணீரலில் உள்ள பிளவுகளோ இன்னும் குறுகியவை. உட்கரு இறுகிய பொருள். அது உள்ளே இருந்தால் நெளிய முடியாது. மேலும் உட்கரு விட்டுச்சென்ற இடத்திலும் ஹீமோகுளோபினை நிரப்பலாம். ஒரு சிவப்பணுவில் அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 27 கோடி. தானே உயிர்வளியைச் செலவிடாமல், சர்க்கரையைச் சிதைத்துக் கிடைக்கும் சிறு ஆற்றலில் அது காலந்தள்ளுகின்றது. சுமந்து செல்லும் சரக்கைத் தான் தொடுவதில்லை. சரக்கு வண்டிக் கூலியாட்கள் யாவரும் இவ்வாறிருந்தால் எங்கள் அலுவலகத்துக் கோப்புகள் பாதியாகக் குறையும்.

எனினும் இக்காரணங்களை அப்படியே விழுங்கிவிடவும் நமக்கு இயலவில்லை. பறவைக்கு உட்கரு இருக்கின்றதே! நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்திற்கு குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து, காற்று அருகிய இமயமலைக்கு மேலே பறந்து வருகின்றது. அதன் சிவப்பணுவில் உட்கரு உள்ளது. மூச்சு முட்டி அது விழுந்துவிடவில்லை. பறவையின் நுரையீரல் அமைப்பு வேறு, குருதிக் குழாயின் அளவு வேறு என்று விடை சொல்வர். ஆக உட்கருவை விடுவது உயிர்வாழ ஒரே வழியன்று. பாலூட்டிகள் தமக்கென வகுத்துக்கொண்ட ஒரு வழி என்பதே பொருந்தும். வடஅமெரிக்காவில் மெலிந்த உடலுடைய ஒருவகைச் சாலமாண்டரின் சிவப்பணுக்களிலும் பெரும்பாலானவை உட்கருவற்றவை என்பது இங்கே கருதத்தக்கது.

வழி வகுத்தவர் விலையும் கொடுக்க வேண்டும். உட்கரு இல்லாத அணு பிரிந்து பெருகாது. பழுதுபட்டால் புதிய புரதம் செய்து தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளாது. சுமார் 120 நாள் ஓடி அழியும். ஓய்வாக இருக்கும்போது உடலை ஒருமுறை சுற்ற ஒரு நிமிடம் எனக் கொண்டால், வாழ்நாளில் அது 1 லட்சத்து 70 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றிவிடும். நாம் கொடையளிக்கும் குருதியின் சிவப்பணுவை, சேர்க்கும் மருந்து நீருக்கேற்ப 35 அல்லது 42 நாளுக்கு மேல் இரத்த வங்கியில் வைக்கவியலாததும், அது அங்கே பல்கிப் பெருகாததும் இதனால்தான். ஆகவே எத்தனை பேர் சென்ற ஆண்டு கொடுத்திருந்தாலும் இந்த மாதத்திற்கு இந்த மாதமே எவரேனும் கொடுத்தாக வேண்டும்.

குழந்தைக்கு வருவோம். மேலும் செய்த பரிசோதனையில் தெரிந்த பெயர், ஈ–பீட்டா தாலசீமியா. தந்தையிடமிருந்து பீட்டா தாலசீமியா மரபுக்கூறு; தாயிடமிருந்து ஹீமோகுளோபின் ஈ என்னும் மரபுக்கூறு. இருவரும் தனித்தனியே நலமுடையோர். ஒரு நாளும் மருந்து உண்ணாதவர்கள். ஆனால் இரண்டு கூறும் ஒரு குழந்தையில் சந்திக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சந்தித்தால் ஹீமோகுளோபினின் இரு பாதிகள் அளவொத்து உருவாவதில்லை. மிகுந்துபோன பாதி அணுவுக்குள்ளேயே படிந்து, பிறக்குமுன் அதனை மச்சையிலேயே கொன்றுவிடுகின்றது. உடல் பதறி மச்சையைப் பெருக்கிப் பெருக்கி உற்பத்தி செய்கின்றது. அந்த அவசரத்தில் உட்கருவைக் களையாத அணுக்களும் வெளியே வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் கூலி என்ற மருத்துவர் 1925-இல் இந்நோயை விவரித்தார். அக்காலத்து அதன் பெயர்களுள் ஒன்று, உட்கருவுடைய இளஞ்சிவப்பணு மிகுந்த சோகை என்பதே. இந்தியாவில் இதைப் பற்றிய முதற்குறிப்பை 1938-இல் வெளியிட்டவரும் கல்கத்தாவைச் சேர்ந்த முகர்ஜி என்ற மருத்துவரே. 1950-களில் இந்நகரத்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜோதிபூஷண் சட்டர்ஜி அவர்களும் அவர்தம் குழுவினரும், வங்காளிகளிடையே ஹீமோகுளோபின் ஈ பரவியிருப்பதையும், அது தாலசீமியாவோடு கூடும்போது நேர்வதையும் விரிவாக ஆராய்ந்தனர்.

நம் தமிழ்நாட்டுப் பக்கமும் குருதிக் கூறுகள் இல்லாமலில்லை. நீலகிரிப் பகுதிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவ அணுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் வெளியிட்டனர். இவ்வகைக் கூறுகள் ஏன் இத்தனை மக்களிடம் அழியாமல் நிற்கின்றன என்பதற்கு விடையாக, மலேரியா மிகுந்த நாடுகளில் ஒரு கூறு மட்டும் உடையோர் அந்நோயில் மடியாமல் தப்பியிருக்கலாம் என 1949-இல் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957-இல் இதே கல்கத்தாவின் புள்ளியியல் கழகத்தில் வந்து பணியேற்றார். ஆக, ராஸ் குருவியிடம் தேடிய கிருமியின் உறவுக் கிருமி, நம் முன்னோரின் குருதியில் விட்டுச்சென்ற தடம் இன்று ஒரு குழந்தையின் தகட்டில் தெரிகின்றது.

இதனைக் கேட்ட சில பெரியவர்கள், “வேறு இனத்தில் பெண் எடுத்ததால் வந்த வினை” என்று எம் தமக்கையாரின் காதுபடவே கூறினர். அது அறியாமை. ஒரே ஊரில், ஒரே குலத்தில், அத்தை மகளையே மணந்தாலும் இருவரும் பீட்டா கூறு உடையவராயின் குழந்தைக்கு இதனினும் கொடிய வடிவம் வரக்கூடும். தேவையானது சாதகப் பொருத்தத்தோடு, அல்லது அதற்கு முன்பே, ஹீமோகுளோபின் வகையைக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை. வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். எம் இல்லத்தில் இப்போது அனைவரும் செய்துகொண்டோம்; எம் மகனுக்கும் பீட்டா கூறு இருப்பது தெரிந்தது. அவன் அதைத் தன் அடையாளச் சீட்டின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டிருக்கின்றான்.

குழந்தைக்கு இப்போது ஆறு வயது. நான்கு வாரத்திற்கு ஒருமுறை குருதி ஏற்றுகின்றார்கள். சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து. எட்டு மாதம் ஊட்டப்பட்ட இரும்பு மருந்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகின்றது. லேக் கார்டன்ஸ் நிலைய நடைமேடையில் பட்ஜ்பட்ஜ் வண்டிக்காகக் காத்திருக்கும் போதெல்லாம் குருவிகளைத் தேடுவாள். “தாத்தா, குருவிக்கு எல்லாச் சிவப்பணுவிலும் பொட்டு இருக்கிறதே, அதற்கு ஏன் ஊசி போடவில்லை?” என்று ஒருநாள் கேட்டாள். குருவிக்கு அது இயல்பு, உனக்கு அது அவசரம் என்றோம். சற்று யோசித்துவிட்டு, “என் எலும்புக்கு அவசரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்றாள்.

குருதி முறையாக ஏற்றப்பட்டு வந்தால் மச்சையின் பதற்றம் தணியும் என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். சென்ற தை மாதம் வந்த அறிக்கையில் அந்த வரியைத்தான் முதலில் பார்த்தோம். முப்பத்தெட்டு இருந்த இடத்தில் நான்கு இருந்தது.